நீ எழுதின அப்பா

என் பேத்திக்கு,

"குடியை விட்டு மீண்ட என் அப்பா" என்று நீ பத்திரிகையில் எழுதினதை, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ஒருவரையும் கேளாமல் எழுத்துக்கூட்டி வாசித்தேன். வெங்காயம் விற்கப் போன கொப்பன் சுன்னாகம் சந்தை முழுக்க அதைக் காட்டினானாம். எனக்கும் பெருமைதான்.

போன கிழமை திரும்பவும் குடித்துவிட்டு வந்தான்.

"அம்மா, பிள்ளைக்குச் சொல்லிப் போடாதேங்கோ. அவள் எழுதினதே உண்மையா இருக்கட்டும்" என்று அழுதான். அதற்குப் பிறகு சந்தைக்குப் போகவில்லை. சோறும் சரியாகத் தின்பதில்லை.

வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்துப் போத்தலை என் சேலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இன்று காலை, "அம்மா, மருந்தை எங்கை வைச்சனீங்கள்?" என்று கேட்டான்.

வெங்காயம் எல்லாம் கிண்டி எடுத்து முடிந்து, தோட்டம் வெறுமனே கிடக்கிறது.

பதில் எழுத வேண்டாம், பிள்ளை. வா.

உன் அப்பம்மா