காதிலிருந்து பின்னல் வரை ஓர் ஒயர்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாணவி தன் காதுக்குள் செருகியிருந்ததை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். குவைத்திலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்த சின்ன டேப் ரிக்கார்டரோடு வந்தது. சுண்டைக்காய் அளவில் இரண்டு குமிழ்கள், மெல்லிய கறுப்பு ஒயர்.

"நடந்துக்கினே கேட்டா கரகரன்னு வருது மேடம். உட்கார்ந்தா நின்னுபூடுது. ரேடியோ கடையில மெஷின் நல்லா கீதுன்றாங்க. வீட்ல எனக்குத்தான் பிரமைன்றாங்க."

அவள் மேலாக்கிலிருந்து வடிகஞ்சியும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. நீயே என் எதிரில் வந்து நின்றாய் என்று எழுதினால் நானே நம்பமாட்டேன். உன் புடவை வந்து நின்றது. அதுவரை சொல்லலாம்.

ஒரே விடுதி அறையில் படித்தவர்கள் நாம். நான் திருப்பதிக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்தேன். நீ சித்தூர் மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சரானாய். முப்பது வயதைத் தாண்டியபின் வந்த டைபாய்டு உன் செவியில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. வேலூரில் ஒரு கருவி கொடுத்தார்கள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி, அதற்குள் மைக். பெட்டியிலிருந்து ஓர் ஒயர், அதன் முனையில் உன் காதுக்கென்றே அச்செடுத்த அடைப்பு. பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்பது உன் பிடிவாதம். பெட்டியை ரவிக்கையில் குத்தி, அதன்மேல் புடவையை இழுத்து மூடி, ஒயரைக் கழுத்தோரமாக மறைத்துக்கொள்வாய்.

முதலில் நன்றாகத்தான் கேட்டது. பிறகு இரைச்சல் தொடங்கியது. "காதுக்குள்ள யாரோ முறத்துல புடைச்சிக்கினே இருக்காங்கடி" என்றாய். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ஒப்பிப்பது உனக்கு எட்டவில்லை. அந்தப் பேச்சு பள்ளியின் கரஸ்பாண்டன்ட் வரை போய்விட்டது. வரும் வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் முன்னால் பாடம் நடத்திக் காட்டு, முடியாவிட்டால் விடுதி ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு இனி அரிசி அளக்கும் வேலை.

சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தேன். ஸ்க்ரூ டிரைவர், ஸ்பிரிட், ரப்பர், மாற்று ஒயர் எல்லாம் பையில் இருந்தன. பிளக்கின் பித்தளையை ரப்பரால் தேய்த்தேன். பேட்டரி உட்காரும் தகடுகளில் பச்சை பிடித்திருந்ததை நெருப்புப்பெட்டியின் பக்கவாட்டில் உரசி எடுத்தேன். காதடைப்பை வெந்நீரில் கழுவினேன். ஒயரையே மாற்றினேன். நீ அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே, "இப்போ தெளிவா கீது" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்ததும் வாசலிலேயே சொன்னாய். "பிரசங்கம் பூரா முறம்தான், ப்ரொபசரம்மா."

சபையில் உன்னை ஜெபத்தில் வைத்தார்களாம். நான் மறுபடி பிளக்கைக் கழற்றினேன். பழுது எதுவும் இல்லை. கருவியில் பழுது இல்லையென்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை உன் முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். "உன் காதுதான் இன்னும் இறங்கிப்போச்சு. ஒத்துக்கோ."

நீ காதடைப்பைக் கழற்றி நீட்டினாய்.

"ஆறு மாசமா நான் கேட்டுக்கினு இருக்கேன். ஒரு நிமிஷம் நீ கேளு."

பிறர் காதில் இருந்ததை என் காதில் வைப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவராதது. இரண்டு நாளாக அந்தக் கருவியை அக்கக்காகப் பிரித்தவள், அதை ஒருமுறைகூடக் காதில் வைத்துப் பார்த்திருக்கவில்லை. முந்தானையில் துடைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். பெட்டி உன் ரவிக்கையில் இருந்தது, ஒயரோ ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். தலையோடு தலை ஒட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தோம். பக்கத்து வீட்டம்மா வாசலில் எட்டிப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"இன்னா டீச்சர், ரெண்டு பேரும் பேன் பாத்துக்கிறீங்களா?"

"ஆமாக்கா. பெரிய பேன் ஒண்ணு மாட்டிக்கிச்சி" என்றாய் நீ.

மாட்டியது உண்மை. காய்ந்த வாழைச்சருகின் மேல் ஆட்டுமந்தை நடப்பதுபோல் என் காதுக்குள் சத்தம். அதற்கு அடியில் எங்கோ அந்த அம்மாவின் குரல். நீ சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

"நில். மூச்சைப் பிடி" என்றேன். சத்தம் நின்றது. "விடு." மந்தை மறுபடி கிளம்பியது. அப்போதுதான் உன் புடவையைப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தி, தகடுபோல் நின்ற கஞ்சி. மைக்கின் மேலேயே அதை இழுத்துக் குத்தியிருந்தாய். நேற்று அடுப்படியில் நீ கட்டியிருந்தது துவைத்துத் துவைத்துக் கஞ்சியையே மறந்துபோன மெல்லிய பழைய வாயில் புடவை.

"ஏண்டி, இப்பல்லாம் கஞ்சி ஜாஸ்தி போடுறியா?"

"பின்ன? காதுதான் போச்சு, ஆளாவது நேரா நிக்கணுமில்ல. ஆறு மாசமா கெட்டியாத்தான் போடுறேன். இன்ஸ்பெக்டர் வராருன்னதுலேர்ந்து ரெண்டு தடவ முக்கி எடுக்கிறேன்."

திறமையாகத் தெரியவேண்டும் என்று நீ போட்ட ஒவ்வொரு கைக் கஞ்சியும் உன்னை இன்னும் செவிடாக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். நான் அப்படிச் சிரிப்பவள் இல்லை.

வாயில் புடவைக்கு மாறி வந்தாய். மந்தை போய்விட்டது, ஆனால் நடக்கும்போது மட்டும் டொக் டொக்கென்று ஒரு சத்தம் மிச்சம். அது ஒயர் தோளில் உரசும் சத்தம். ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், பின்னலின் தொடக்கத்தில் நுழைத்து, என் கொண்டையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் குத்தினேன். ஃபிளானல் துணியில் சின்னப் பை தைத்து, பெட்டியைப் புடவைக்கு வெளியே தொங்கவிட்டேன். கடியாரத்தின் டிக் டிக் கேட்கிறது என்று நீயாகவே சொன்னாய். ஆனாலும் உன் முகம் தெளியவில்லை.

"வெளிய தொங்கினா எல்லாரும் பாப்பாங்க. இதுல கஞ்சி இல்லாமலும் ஸ்கூலுக்குப் போவச் சொல்றியா? கங்காதர நெல்லூர்ல எங்க நைனா சவப்பெட்டிக்குள்ளகூட கஞ்சி வேஷ்டியில மொடமொடன்னுதான் போனாரு."

"உனக்கு நைனா வேஷ்டி முக்கியமா, வகுப்பு முக்கியமா?"

நீ கொண்டை ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, மாற்று பேட்டரியோடு உன் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றேன். தலைமையாசிரியை உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா டீச்சர், தூங்கி எழுந்த புடவையிலேயே வந்துட்டீங்க?" நீ வணக்கம் மட்டும் சொன்னாய். பெட்டி எல்லார் கண்ணிலும் பட்டது. பிள்ளைகள் இரண்டு நிமிஷம் பார்த்தார்கள், பிறகு புத்தகத்தைத் திறந்தார்கள். அவ்வளவுதான். நீ ஆறு மாசம் பயந்தது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில், இருப்பதிலேயே வாய் திறக்காத பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னார். ஜன்னலோரம் நின்ற எனக்கே அவள் குரல் சரியாக எட்டவில்லை. அவள் விட்டுப் போன வரியை நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாய். அவர் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, தலைமையாசிரியையிடம் தாழ்ந்த குரலில் தெலுங்கில் கேட்டார். "ஈமெக்கு நிஜங்கா வினபடுதோந்தா?" இவருக்கு உண்மையிலேயே காது கேட்கிறதா என்று.

நீ சாக்பீஸை வைக்கவில்லை, திரும்பவும் இல்லை.

"வினபடுதோந்தி சார். மீ செப்புல சப்புடு கூடா."

உங்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கிறது சார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஸ்டோர் ரூம் சாவியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. காய்ச்சலில் படுத்த கடைசி வாரம்வரை அந்த வகுப்பு உன்னுடையதாகவே இருந்தது. கொண்டை ஊசியை உருவிக் கொடுத்த அந்த ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான் கொண்டை அவிழ்ந்த தலையோடு நின்றேன். ஊசியைத் திருப்பிக் கேட்கவில்லை, நீயும் தரவில்லை. உன்னைச் சவப்பெட்டியில் வைத்த நாளில் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவைதான் கட்டிவிட்டிருந்தார்கள். நைனா வீட்டு வழக்கம். பின்னலில் அந்த ஊசியும் இருந்தது. நான் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து என் கைப்பையில் எப்போதும் உபரியாக ஓர் ஊசி இருக்கிறது. அதோடு நீ தந்த பழக்கம் ஒன்றும் இருக்கிறது. இன்று காலை அந்த மாணவி சொல்லி முடித்ததும் நான் டேப் ரிக்கார்டரைத் திறக்கவில்லை. பிரமை என்ற சொல்லை என் பங்குக்கு நானும் சொல்லவில்லை. குமிழில் ஒன்றைத் துடைத்து என் காதில் வைத்துக்கொண்டேன்.

"மற்றதை நீ வெச்சுக்கோ. வா, நடக்கலாம்."

தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஆய்வகத்தின் நீளத்துக்கு நடந்தோம். உதவியாளர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"கேக்குதா மேடம்?" என்றாள்.

"கேக்குது" என்றேன். கைப்பையில் ஊசியைத் தேடினேன்.