சட்டைப்பையில் கிடைத்தது

என் கண்ணு பெரியவளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்த நேரமும் என் நினைப்பு. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். தம்பியையும் சேர்த்து எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. போனில் உன்னிடம் சொன்னதெல்லாம் பாதிதான். நான் போனை எடுத்தாலே அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என்னைப் பத்தி யார்கிட்ட சொல்றே என்று கேட்கிறான், முகமே மாறிவிடுகிறது. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து பொறுமையாகப் படி, ரயிலில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் மறதியாகத்தான் ஆரம்பித்தது. உனக்கே தெரியும், சின்னவன் நம் சலவைக் கடையில் நின்றால் துணியில் குத்திய எண் சீட்டைக்கூடப் பார்க்க மாட்டான், சட்டையைத் தொட்டதுமே யாருடையது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் நர்சம்மாவின் வெள்ளைச் சீருடையைக் கொண்டுபோய் ஓட்டுநரிடம் கொடுத்தான். பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என்ன சொல்ல வந்தேன் என்று என்னையே கேட்டான். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான், புகை வந்த பிறகும் நகரவில்லை. அப்பா என்ன சொன்னார் தெரியுமா, பையன் எவளையோ பார்த்துட்டான், வேற ஒன்னும் இல்லை என்றார். நானும் அதை நம்பி, வரப்போகிறவள் யாரோ எப்படியோ என்று மனசுக்குள் மருமகளோடு சண்டைகூடப் போட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அது கஞ்சா என்று அப்பாவுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நம் கடை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. துவைக்கப் போடுவதற்கு முன் பையெல்லாம் பார்க்க வேண்டும், கிடைத்ததை ஒரு காகித உறையில் போட்டு, தேய்த்த துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும், என்ன ஏது என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த வக்கீலின் கோட்டில் பல்செட் கிடைத்தபோதுகூட அப்பா முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு உறையை நீட்டவில்லையா. சின்னவனின் சட்டையில் அந்தப் பொட்டலம் கிடைத்தபோதும் மனுஷன் அதையேதான் செய்திருக்கிறார். உறையில் போட்டு, சட்டையோடு மடித்து, அவன் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். பெத்த பிள்ளையும் வாடிக்கைக்காரனும் உங்களுக்கு ஒன்னா என்று பிறகு நான் பிடித்த பிடியில் அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. நேருக்கு நேராகக் கேட்டால் பையன் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்று பயந்தாராம். அவனோ, அப்பாவுக்கே தெரியும், ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் இதில் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டான்.

அப்புறம்தான் அது நடந்தது. நானும் அப்பாவும் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் கத்தரிக்கோல். அலமாரியில் இருந்த எல்லாத் துணியிலும் காலருக்குள் ஊக்கால் குத்தியிருந்த எண் சீட்டுகளை வெட்டி எடுத்துக் குவித்து வைத்திருந்தான். இந்த எண்ணெல்லாம் என்னைப் பத்தித்தான் பேசுது, நீங்களும் கூட்டுதான் என்றான். கத்தவில்லை கண்ணு, மெதுவாகத்தான் சொன்னான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலை வாங்கினார். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, சீட்டில்லாத அத்தனை துணியையும் நாங்கள் இரண்டு பேரும் பரப்பிவைத்து உட்கார்ந்தோம். ஒரு கை மட்டும் வெயிலில் வெளுத்திருந்தால் ஓட்டுநருடையது, பையில் மைக்கறை இருந்தால் குமாஸ்தாவுடையது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிரித்தோம். சின்னவன் இருந்தா நிமிஷத்தில முடிச்சிருப்பான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கும் டாக்டரம்மா பொறுமையானவர். எங்களுக்குப் புரியும்படி சொன்னார். எதை மனசில் வைப்பது, எதை விடுவது, எதற்குப் பயப்படுவது, எதைச் சும்மா விடுவது என்று தரம் பிரிக்க மூளை தானாகவே சில ரசாயனங்களைச் சுரக்கிறதாம். கஞ்சா போய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கண்ட இடத்தில் கண்ட கட்டளையைக் கொடுக்கிறதாம். நம் கடையில் யாரோ புகுந்து சீட்டுகளை இஷ்டத்துக்கு மாற்றி மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்றுமில்லாத எண்ணில் பெரிய சேதி இருப்பதுபோல் தோன்றுவது அதனால்தானாம். இருபது வயது தாண்டியும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கும், சின்ன வயதில் பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றார். எல்லோருக்கும் இப்படி வராதாம், பலர் பிடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்களாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாதாம். ஆனால் ஒன்று சொன்னார், இவன் மறுபடி தொட்டால் திரும்ப வர வாய்ப்பு மிக அதிகம், ஒவ்வொரு தடவையும் மீண்டு வருவது கஷ்டமாகும் என்று. கிளம்பும்போது, இவனுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா, அவங்களும் இந்தப் பக்கமே போகக் கூடாது, ரத்தத்தில இருக்கலாம் என்றார். ஒரு அக்கா இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது மாத்திரையில் தேறி வருகிறான். குளிக்கிறான், சாப்பிடுகிறான், கடையில் கொஞ்சநேரம் நிற்கிறான். சீட்டைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அதனால் துணிகளை நானே குறித்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு நீலச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, இது பூட்டுக்காரர் சட்டைதானே என்றான். சரியாகத்தான் சொன்னான். நான் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஆனால் கஞ்சாவை விட்டுவிடுவதாகச் சொல்லடா என்றால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். அக்காவும்தான் பிடிக்கிறா, அவ இருக்கிற நாட்டுல சட்டப்படி கடையிலயே விக்கிறான், அவ நல்லாத்தானே வேலைக்குப் போறா, அவ விடட்டும் நான் விடறேன் என்கிறான். என் பொண்ணு மேல பழி போடாதே என்று கையை ஓங்கிவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் போன தடவை நீ விட்டுவிட்டுப் போன சாம்பல் நிறக் கோட்டை எடுத்தேன். உனக்கு அனுப்பி வைக்கலாம் என்று துவைக்கத்தான் எடுத்தேன். வழக்கப்படி பையைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது கண்ணு, நான் என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா, ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நீ தூங்குகிறாயா, யாராவது உன்னைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறதா, சொன்னது மறந்துபோகிறதா என்று கேட்கவேண்டும் போல் இருந்தது. உனக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம். அவனுக்கும் முதலில் எதுவும் இல்லை. அவனுக்கு ஓடும் ரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நேராக அவனிடம் கொடுத்துவிடுகிறேன். எனக்கு நீ எந்தச் சத்தியமும் செய்ய வேண்டாம். அவனிடம் சொல், நான் விட்டுட்டேன்டா, நீயும் விடு என்று சொல். விட்டபிறகு சொல், விடாமல் சொல்லாதே. சட்டையைத் தொட்டு ஆளைச் சொல்கிறவன், உன் குரலைக் கேட்டுப் பொய்யைக் கண்டுபிடிக்க மாட்டானா.

எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக, தெளிந்த புத்தியோடு, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அதற்குமேல் அம்மாவுக்கு ஒன்றும் வேண்டாம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்தை ஒருபோதும் அவன் கண்ணில் காட்டிவிடாதே. கோட்டைத் துவைத்துத் தேய்த்து இதோடு அனுப்பியிருக்கிறோம், தொங்கிக்கொண்டிருந்த பொத்தானையும் இறுக்கித் தைத்துவிட்டேன். பையில் இருந்ததை அப்பா வழக்கம்போல் உறையில் போட்டு உன் பெயரை எழுதிவிட்டார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே போய்க் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். கடை திறந்த நாளிலிருந்து அவர் திருப்பிக் கொடுக்காத பொருள் அது ஒன்றுதான். உறை மட்டும் உன் கோட்டுப் பையில் இருக்கிறது, காலியாக.

இப்படிக்கு,
உன் போனுக்காக அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
அம்மா