என் பெயரில் ஒரு மருந்துச் சீட்டு

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்தே தூறல். துணி காயவில்லை. வகுப்பு இரண்டு, மீதி நேரம் விடைத்தாள்.

ஆசிரியர் அறையில் விமானப் பேச்சு. எங்கோ ஒரு விபத்து, விமானியே வேண்டுமென்று செய்திருக்கலாம் என்று டிவியில் விவாதமாம். புள்ளியியல்காரியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இயந்திரக் கோளாறுச் சாவு குறையக் குறைய இதன் பங்கு பெரிதாகத் தெரியும், எண்ணிக்கை சொற்பம்தான் என்றேன். தம்பி பைலட்தானே, அவரிடமே கேளுங்கள் டீச்சர் என்றாள் லதா.

எப்படிக் கேட்க? மனைவி பிரிந்துபோன பிறகு மூன்று மாதமாக சிவா என்னோடு. தூக்கமில்லை. அவன் பெயரில் ஃபைல் இருந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று பயம். அதனால் நோயாளி நான். மனநல டாக்டரிடம் அவன் தூக்கமின்மையை என்னுடையதாகச் சொல்கிறேன். மாத்திரை அவனுக்கு. டியூட்டிக்கு முந்தின நாள் போடுவதில்லை என்கிறான்.

அக். 8, புதன்

மழை இல்லை. புழுக்கம். சாலைக் கடையில் துவரை, சோப்பு, சிவாவுக்கு ஷூ பாலிஷ்.

டாக்டரிடம் இரண்டாம் தடவை. தூக்கம், பசி எல்லாம் ஒப்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: சாகலாம் என்று தோன்றுகிறதா?

இல்லை என்றேன். உடனே. அவனிடம் கேட்காமலே.

தரவு இல்லாமல் விடை எழுதும் பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போடுகிறவள் நான்.

அக். 9, வியாழன்

சாயங்காலம் கேட்டுவிட்டேன். சிவா யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நாளைக் காலை ஷார்ஜா. டாக்டர் கேட்டதை அப்படியே கேட்டேன்.

முதலில் கிண்டல். கேப்டன் பாத்ரூம் போனால் விமானப் பணிப்பெண் ஒருத்தி காக்பிட்டுக்குள் வந்து நிற்பாள். ஒரு ஆள் தனியாக இருக்கக் கூடாதாம்.

"என்னைய என்கிட்டேருந்து காப்பாத்தத்தான் அவ வாரா, கேட்டியா."

நான் சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"பறக்கும்போ தோணினதில்லக்கா. லீவு நாள்லதான்."

எத்தனை தடவை என்றேன். எண்ணவில்லை என்றான்.

நம்புகிறேன். ஆனால் நாளை அவன் பின்னால் உட்காரப் போகிறவர்கள் அவனுக்கு அக்கா இல்லை.

கம்பெனிக்கு நீ போன் செய்கிறாயா, நான் செய்யட்டுமா என்றேன். விளித்தால் அதோடு தீர்ந்தது, இத்தனை வருஷமும் போச்சு என்றான். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பிறகு செய்தான். காய்ச்சல் என்று தொடங்கினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். காய்ச்சல் இல்லை சார், மனசு சரியில்லை என்று இங்கிலீஷில் சொன்னான்.

சட்டை பாதி இஸ்திரியோடு கிடக்கிறது.

அக். 10, வெள்ளி

பெருமழை. லீவு போட்டேன். ஆட்டோ கிடைக்க அரைமணி.

டாக்டரிடம் இருவரும். நோயாளி நான் இல்லை, இவன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஃபைலில் என் பெயரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

இதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்பது நிமிஷம் ஆகிறது. வார்த்தை பிடிபடவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. அவன் குரல்தான். நிறுத்தாமல் பேசுகிறான்.