அனுபவம் தேவையில்லை

3 மார்ச் 2025

இன்று ஏழாவது ஒப்பந்தம். அதே ஆறு மாதம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நடுவில் சில நாள் விட்டுத்தான் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் என் நுழைவு அட்டை செத்துப்போகும், கதவு திறக்காது. வாசல் காவலர் மணியம் அண்ணன், "என்னா கஸ்தூரி, மறுபடியும் பொறந்துட்டியா?" என்றார். இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

11 மார்ச்

பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்ட வடிகால்களை வரைபடத்துக்காக அளந்தேன். முழங்கால் வரை கறுப்புச் சேறு. எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் சபாபதி காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுரையில் 'நேரடிக் கள ஆய்வு' என்று போடுவார். கார் களத்தில்தானே நின்றது, பொய் இல்லையே.

7 ஏப்ரல்

அலமாக்! எங்கள் துறைக்கு ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபட, ஆய்வு அதிகாரி எடுக்கிறார்கள், நிரந்தர வேலை! "உன் வேலைதானே, விளம்பரத்தையும் நீயே எழுதிடு லா," என்றார் டாக்டர்.

நிரந்தரமானால் அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்குச் சலுகை உண்டு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் காலோடு கோயிலுக்கு நடப்பாள்.

8 ஏப்ரல்

எழுதிவிட்டேன். ஜிஐஎஸ், ட்ரோன், செயற்கைக்கோள் படம், தமிழ், மலாய், மோட்டார் லைசென்ஸ், சேற்றில் நடக்கும் பழக்கம் (இதை மட்டும் டாக்டர் அடித்துவிட்டார்). வேறு யாரும் நுழையாமல் இருக்க 'குறைந்தது மூன்று வருட அனுபவம்' என்றும் போட்டேன். எனக்கு மூன்று வருடமும் ஒரு மாதமும் இருக்கிறது. எனக்கே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை!

20 மே

நிராகரிப்பு. காரணம்: அனுபவம் இல்லை.

எனக்கா? எனக்கா அனுபவம் இல்ல? நிர்வாகப் பிரிவுக்கு ஓடினேன். ராஜம்மா அக்கா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்க. ஒரு வருடத்துக்குக் குறைந்த ஒப்பந்தத்தை சிஸ்டம் அனுபவமாவே எடுத்துக்காதாம். என் ஏழு ஒப்பந்தத்தையும் கூட்டினா பூஜ்யம். "மூணு வருஷம்னு யாரு போட்டாங்களோ தெரியலம்மா. அது இல்லன்னா நீ உள்ள போயிருப்ப."

நான்தான் போட்டேன்க்கா. என் கையால. முட்டாள், முட்டாள்! கழிவறையில் போய் அழுதேன்.

21 மே

அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

வெயில்மா.

16 ஜூன்

தகுதியான ஆள் யாருமே கிடைக்கவில்லையாம். மறுபடியும் விளம்பரம். மறுபடியும் நானே எழுதணுமாம் — டாக்டருக்கு வேறு யார் எழுதித் தருவார்கள்?

ஒரே வரியைத்தான் மாற்றினேன். 'அனுபவம் தேவையில்லை.'

"அனுபவமே இல்லாதவங்க வந்து என்ன செய்வாங்க?" என்றார்.

"சேத்துல இறங்குவாங்க டாக்டர்."

அவர் கார் சாவியைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

8 செப்டம்பர்

புதிய ஊழியர்களுக்கான அறிமுக வகுப்பு. நடத்திய நாஸியாவுக்கு என்னைவிடச் சின்ன வயது. திரையில் வளாக வரைபடம் — என் இரண்டாவது ஒப்பந்தத்தில் நான் போட்டது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டியிருந்தார்கள். "இதப் பாத்து வழி பழகிக்குங்க," என்றாள்.

படிவம் கொடுக்கும்போது, "இதான் முதல் வேலையாக்கா?" என்று அன்பாகக் கேட்டாள்.

"ஆமாம்மா."

முன் அனுபவம்: இல்லை.

அடுத்த பக்கம். சிகிச்சைச் சலுகை பெறும் பெற்றோர்: சந்திரமதி. அதை மட்டும் அழுத்தி எழுதினேன்.