வெட்டுப்பட்ட வெள்ளிக்காசு

ஏதென்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு எவந்தியாவின் வணக்கம். நான் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

அப்பாவின் படகுக்கு எஞ்சின் வாங்குவதற்காக விற்கச் சொன்னீர்களே, கப்பல் பொறித்த பழைய டிராக்மா வெள்ளிக்காசு, அதைப் பழங்காசுக் கடைக்காரர் திமோலியனிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"யாரும்மா இதைக் கத்தியால கீறினது? இனி வெள்ளி எடைக்குத்தான் போகும்."

"வருஷா வருஷம் புத்தாண்டு கேக்குக்குள்ள வெச்சுச் சுடுவோம், யார் துண்டுல வருதோ அவங்களுக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். வெட்டும்போது பட்டுருச்சு."

"நல்லா கேக் சாப்பிட்டீங்க, போங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய வருடம், அப்பா கேக்கில் என் பங்கை வெட்டும்போது விழுந்த கீறல் அது. காசு எனக்கு வந்ததென்று எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தக் கீறலால்தான் விலை போகவில்லை என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

எடைக்குக் கிடைப்பது எஞ்சினுக்குக் காணாது; விற்க மனமும் வரவில்லை, காசு என்னிடமே இருக்கிறது. இந்த வருடமும் கேக்கில் எனக்கென்று ஒரு துண்டு எடுத்துவைப்பீர்கள். அதை அனுப்புங்கள், காய்ந்துபோனாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

எவந்தியா