அவள் வாசிக்க வேண்டிய பத்தி

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். தாள் அசிங்கமாகிவிடும், இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் நலம் என்று மட்டும் எழுத மாட்டேன். வாலு நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள். போனில் கேட்டால் கத்திவிடுவேன், அவள் கதவோரம் நின்று கேட்பாள். அதனால்தான் கடிதம்.

வியாழக்கிழமை வகுப்பில் வாசிப்பு. ஒவ்வொரு பிள்ளையும் வரிசையாக எழுந்து பாடத்தில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும். முன்பெஞ்சுப் பிள்ளை வாசித்து முடித்ததும் வாலு எழுந்து நின்றிருக்கிறாள். இடது கையில் புத்தகம், வலது கை தொடையில், தாளம் தட்டத் தயாராக. டீச்சர் இவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த பிள்ளையை எழுப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்க வாயைத் திறந்து, அந்த 'ஏ'யிலேயே இவள் திக்கி நின்றுபோயிருக்கிறாள். டீச்சர் கனிவாகத்தான் சொன்னாராம்.

"உன்னைக் கேக்க வேணாம்னு உங்கப்பாவே சொல்லிட்டாரும்மா. நீ உக்காரு."

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்? பெற்றவள் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அன்று வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். டீச்சர் வாசிக்க விடவில்லை என்று மட்டும்தான் சொன்னாள். மறுநாள் தையலைப் பாதியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்கே போனேன். அங்கே போன பிறகுதான் நீங்கள் போன் செய்த கதை தெரிந்தது. அவளை வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், தொடையில் தட்டுவதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பார்கள், அதையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றீர்களாம். ஓங்கிப் பேசப் போனவள் அசடு வழிய நின்றேன். திரும்பி வந்து, இருந்த எரிச்சலில் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன். தையல் கடை முதலாளியம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைப் போட ஒரு ஆளையும் நீயே தைத்துக் கொடு என்றார்.

தட்டுவது, தட்டுவது என்கிறீர்களே, அது என்னவென்று தெரியுமா? வாராவாரம் போனில் சொன்னேன், நீங்கள் 'ம்' கொட்டினீர்கள். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு வாலு வைத்த பெயர் தாளம் மேடம். முதலில் பேச்சே கிடையாது. டிக் டிக் என்று ஒரு பெட்டி அடிக்கும், அதற்கேற்பத் தொடையில் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கை பழகிய பிறகு சொல்லை உடைத்துக் கொடுப்பார். வண், ணத், துப், பூச், சி. ஒரு தட்டுக்கு ஒரு துண்டு. எந்தத் துண்டையும் இழுக்கவும் கூடாது, அவசரப்படவும் கூடாது. பிறகு முழு வரி. போகப் போகத் தட்டுவதை ஒரு விரலுக்குக் குறைத்து, அதையும் விட்டுவிட்டு மனதுக்குள்ளேயே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில் அந்தப் பெட்டி ஏது? நூல் கோக்காமல் தையல் மிஷினை மெதுவாக மிதிப்பேன். ஊசி இறங்கும்போதெல்லாம் ஒரு துண்டு என்று அவள் கீழே உட்கார்ந்து வாசிப்பாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் அடைப்பு எடுக்க வந்த குழாய்க்காரரையும் விட்டுவைக்கவில்லை. பாவம், மனுஷன் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, தப்பிக்க வழியில்லாமல் ஆமைப் பாடம் முழுவதையும் கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் சிக்கியது. தட்டினாள், தாண்டினாள். அவர் அழுக்குக் கையோடு கைதட்டினார். (அடைப்பு சரியாகிவிட்டது. உங்கள் பழைய பனியன் ஒன்றுதான் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.)

திக்கல் அடியோடு போய்விடும் என்று மேடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. திக்கினாலும் பேசலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று அவளுக்குத் தோன்ற வேண்டும், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார். அது தோன்ற ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் உங்கள் போன்.

இப்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்காருகிறாள். சனிக்கிழமை மேடத்தின் பயிற்சி வகுப்பிலும் அப்படியேதான். மேடம் அவளை வற்புறுத்தவில்லை, என்னிடம்தான் வீட்டு விவரம் கேட்டார். பென்சில் வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினால் ரப்பரோடு வருகிறாள், வீட்டில் ரப்பர் குவிந்து கிடக்கிறது, எல்லாவற்றிலும் கவனக்குறைவு என்று குறைப்பட்டுக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை. 'ப' வராத பிள்ளை பென்சில் என்று எப்படிக் கேட்கும், வருகிற சொல்லைச் சொல்லிக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருகிறது என்றார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்றார். பழைய பாலம் என்று நான் சொன்ன நொடியில் எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நீங்கள் ஒருநாளாவது பழைய பாலத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்களா? எப்போதும் அதற்கு முந்தின ஸ்டாப், மார்க்கெட். இறங்கி நடப்போம். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பீர்கள். நிறைமாதமாக இருந்தபோதுகூட என்னை நடக்க வைத்தீர்கள். கடைந்தெடுத்த கஞ்சன் என்று என் அக்காவிடம் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்ன இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. லைன் விட்டு விட்டு வந்ததாம். பாவம், நீங்கள் ரொம்ப நேரம் போராடித்தான் சொல்லி முடித்தீர்களாம்.

உங்களுக்கும் திக்கும் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் என்ன ஊரான் வீட்டுப் பெண்ணா? சின்ன வயதில் உங்களைப் பார்த்து எந்த வகுப்பு சிரித்ததோ, எந்த வாத்தியார் எழுந்து நிற்க வைத்தாரோ எனக்குத் தெரியாது. அவளுக்கு அது வரக்கூடாது என்றுதான் செய்திருப்பீர்கள், அதுவும் புரிகிறது. அந்த ஒரு போனுக்கு என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்றும் தெரிகிறது. ஆனால் கோபம் தணிய மாட்டேன் என்கிறது. அவ்வளவு தைரியத்தையும் திரட்டி, பெற்ற பிள்ளையின் வாயை அடைக்கவா செலவழித்தீர்கள்?

நேற்று சாப்பிடும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். கேட்டு முடிக்க வெகுநேரம் ஆனது. தட்டவே இல்லை.

"நான் பேசினா அப்பாவுக்குப் பிடிக்காதாம்மா?"

எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவளுக்கு முறை தருவதாக டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தட்டினாலும் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் இவள் எழுந்து நிற்க வேண்டுமே. நான் சொன்னாலும் நிற்க மாட்டாள், மேடம் சொன்னாலும் நிற்க மாட்டாள்.

குளிருக்குப் போர்வை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன், மூலையில் தையல் கோணலாக இருந்தால் அது அந்த வெள்ளிக்கிழமை தைத்தது. வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம், அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எப்போதும் போல 'ம்', 'சரி' என்று வருகிற சொல்லாகப் பொறுக்காதீர்கள். அவள் புத்தகத்தில் ஆமைப் பாடத்தின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், முதல் பத்தியை நீங்கள் வாசியுங்கள். சிக்கும், சிக்கட்டும். பாதியில் போனை மட்டும் வைத்துவிடாதீர்கள், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் குறுக்கே பேச மாட்டாள். குறுக்கே பேசினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி