தேயாதது எப்படிப் பழசானது, ராத்தா?

அன்பு ராத்தா,

நீ மண்ணுக்குள் உறங்கும் கப்றை அல்லாஹ் வெளிச்சத்தால் நிரப்பட்டும். இங்கே நடந்த ஒன்றை உன்னிடம் கேட்காமல் எனக்கு மனம் ஆறவில்லை.

உன் மகள் றிஸ்னாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. உடுப்பில் நீ வரைந்த மாதுளம்பூவைத்தான் தைக்க வேண்டும் என்றாள். நீ தைத்த கல்முனைக் கடையில் உன் எம்பிராய்டரி மெசினுக்கு எண்ணெய் விட்டேன், புதிதுபோல் ஓடியது. பூவை எடுக்கக் கணினியைத் திறந்தால், நீ வரையும் அந்த மென்பொருள் கம்பனியிடம் அனுமதி கேட்டு அப்படியே நின்றுவிட்டது.

கணினி திருத்தும் நிஸாம் வந்து பார்த்தார்.

"மெசினுக்கு ஒரு குறையுமில்ல. ப்ரோக்ராம்தான் முடிஞ்சி போச்சி. கம்பனிக்காரன் புதுச விட்டுட்டு பழச மூடிட்டான்."

பூக்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றனவாம். வேறெதிலும் திறக்காதாம்.

எனக்கு விளங்கவில்லை, ராத்தா. ஊசி முறியும், பெல்ட் தேயும், உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். தேய ஒன்றுமே இல்லாதது எப்படி முந்திப் பழசாகும்? அது மாறவில்லை, சுற்றியிருந்த கணினிகள்தான் மாறிவிட்டன என்றார் நிஸாம். மெசினில் ஒரு சாமான் உடைந்தால் சம்மாந்துறைப் பட்டறையில் கடைந்தெடுக்கலாம். இந்த மென்பொருளைத் திறந்து திருத்தக் கம்பனிக்காரர் நமக்கு வழி வைக்கவில்லையாம். மாறாமல் இருந்ததுதான் குற்றமா?

றிஸ்னா அழவில்லை. "உம்மாட பூ இல்லாட்டி வெறும் உடுப்பு போதும், சாச்சி" என்றாள். அதுதான் என்னைச் சுட்டது.

உன்னிடம் தைப்பித்தவர்களை யோசித்து யோசித்து, கடைசியில் திரேசா டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு நீ தைத்துக் கொடுத்த சாரிச் சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். கைப்பக்கத்தில் அதே பூ. அதைப் படம்பிடித்து, புது மென்பொருளில் அதன்மேலேயே றிஸ்னா கோடு கோடாக வரைந்தாள். ஓர் இதழ் மட்டும் உன் வளைவுக்கு வரவில்லை. மெசின் தைத்து முடித்ததும் தடவிப் பார்த்தாள்.

"சாச்சி, இது உம்மாட பூவா, என்டயா?"

"தெரியா, மகள்" என்றேன். இப்போதும் தெரியாது. உனக்குத் தெரியுமா?

இந்தப் புதியதும் ஒருநாள் இப்படித்தான் போகுமா என்று நிஸாமிடம் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார்.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். உன் பூ எந்த வீட்டு அலுமாரியில் இருந்தாலும் கேட்டு வாங்கி, றிஸ்னாவும் நானுமாக ஒவ்வொன்றையும் துணியில் தைத்து வைப்போம். அவள் கை பிசகுமிடத்தை நான் அவிழ்க்க மாட்டேன்.

விளங்காததையெல்லாம் உன்னிடமே கேட்டுப் பழகிய,
உன் தங்கச்சி